அசனத்துக்கு வெங்காயம் உரிச்ச கதை

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க கோயில் அசனத்துக்கு வெங்காயம் உரிக்கணும்.

அசனம்னா சர்ச்சு சபையே ஒண்ணா பந்தியில உக்காந்து சாப்பிடுத விருந்து. சமையலுக்கு நாமதான் கைகொடுக்கணும். பாளையங்கோட்டைக்கு குடிவந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் கோயில்ல ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. லேட்டா போய் கடைசி பெஞ்சுல உக்காந்து, ஆசீர்வாதம் முடியுமுன்னாடி செருப்பு மாட்டுத ஆளு நான்!

மனைவி ஷீபா கண்டிப்பா சொல்லிட்டா. "இன்னிக்காவது நாலு பேருகூட பழகுங்க. பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஓடிவர நமக்கு இங்கன யாரு இருக்கா? ஸ்கூல் கிரவுண்டுல பந்தல் போட்டிருப்பாவ. நான் சாயந்தரம் வாரேன்."

ஆறு வயசு மக ஜெனிய வண்டியில வச்சு கெளம்புனேன். ரெண்டு தெரு தாண்டுனதும் ஒரு ஸ்கூல் கிரவுண்டுல பந்தல் தெரிஞ்சுது. பத்துப் பேர் குனிஞ்சு வெங்காயம் உரிச்சிட்டு இருந்தாவ. நானும் உக்காந்துட்டேன்.

"அப்பா, எங்க சண்டே ஸ்கூல் டீச்சர காணுமே?"

"வருவாவ, சும்மா இரு."

"பாஸ்டர் ஐயாவும் வேற ஆளா இருக்காவளே!"

எனக்கு கண்ணெல்லாம் வெங்காயத் தண்ணி. இதுல ஐயாவ எங்க பாக்க! அதுவும் கடைசி பெஞ்சுக்காரனுக்குத் தெரிஞ்சது எல்லாரோட பின்மண்டை மட்டும்தான். பின்னாலருந்து பாத்தா எல்லா சபையும் ஒண்ணுதான்.

பக்கத்துல இருந்த பெரியவர் கேட்டார். "தம்பிய பாத்ததே இல்லயே. எங்க உக்காருவீரு?"

"கடைசி பெஞ்சு அண்ணாச்சி. ரெண்டு வருஷமா. பேரு ஜெபராஜ்."

"அடடா, அதாம்லா தெரியல!" அவருக்கு கண்ணு கலங்கிட்டு. வெங்காயமாவும் இருக்கலாம்.

அவர் நேரா ஐயாகிட்ட போய்ச் சொல்லிட்டார். சாயந்தரம் ஐயா மைக்க புடிச்சார். "தம்பி ஜெபராஜ் ரெண்டு வருஷமா நம்ம சபையில இருக்காவ. நாமதான் கண்டுக்கல. எல்லாரும் மன்னிப்பு கேப்போம்!"

ஒரே கைதட்டல்! நான் எந்திரிச்சு எல்லாரையும் கும்பிட்டேன். கடைசியில நமக்கும் நாலு மனுஷங்க கெடைச்சாச்சு.

அப்பம்தான் ஷீபா போன் பண்ணுனா. "எங்க இருக்கிய? நான் பந்தல்ல நிக்கேன்."

"நானும் பந்தல்லதான். மைக்ல என் பேரு கேக்கலயா?"

"இங்கன இன்னும் மைக்கே கட்டலயே!"

ஜெனி என்னைப் பாத்தா. "நான் அப்பமே சொன்னேம்லா."

ஐயாகிட்ட போய், பந்தல் மாறி வேற சபைக்கு வந்துட்ட உண்மையச் சொன்னேன். மனுஷன் வயித்தப் புடிச்சுகிட்டு சிரிச்சார். "அதுக்கென்ன தம்பி, சாப்பிட்டுட்டுதான் போணும்"னு பந்தியில உக்கார வச்சு, தூக்குவாளியில குழம்பும் ஊத்தி அனுப்புனார்.

வாளியோட எங்க கோயில் பந்தலுக்கு ஓடுனேன். வாசல்ல நின்னவர் கையப் புடிச்சார். "வாங்க அண்ணாச்சி! விருந்தாளிக்கு மொத பந்தி. நீங்க எந்த சபை?"

இப்பமும் எங்க கோயில்ல என்னை யாருக்கும் தெரியாது. பக்கத்து சபையில அடுத்த வருஷ அசனத்துக்கு வெங்காயப் பொறுப்பு எனக்குத்தான் போட்டிருக்காவ.