பிங்கிள்பி கம்பெனியின் எழுதாத சரித்திரம்

ஒவ்வொரு வார்த்தையும் நெஜம்ங்க. ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும் என் காரு டர்ன்பைக் ஹைவே நட்டநடுவுல நின்னு போகட்டும். ஏற்கெனவே நிக்குது, அது வேற விஷயம்.

லண்டன்ல பிங்கிள்பி அண்ட் சன்ஸ்னு ஒரு ஷேர் புரோக்கர் கம்பெனி. நூத்தி எண்பது வருஷப் பழசு. ஆரம்பிச்ச பெரிய பிங்கிள்பிக்கு எழுதத் தெரியாது. அதனால யாவாரம் பூரா வாய்ச்சொல்தான். மவனுக்கு எழுதத் தெரியும். அப்பாவுக்கு மரியாதைன்னு எழுதல. பேரன், எழுதுறதே குத்தம்னுட்டான். அவனுக்கப்புறம் வந்தவன் அதை லத்தீன்ல செதுக்கி வாசல்ல மாட்டிட்டான். எழுத்தே இல்லாததால கம்பெனி மேல போட்ட ஒரு கேஸும் நிக்கல. இதுக்குப் பேருதான் பாரம்பரியம்.

எண்பத்தஞ்சுல அந்தப் பாரம்பரியம் இங்க அமெரிக்காவுல, ஜெர்சி சிட்டியில பிராஞ்ச் தொறந்துச்சு. பாளையங்கோட்டை ரூஃபஸ் அங்க கம்ப்யூட்டர் வேலைக்குச் சேந்தார். கம்ப்யூட்டர் உண்டு, பிரிண்டர் கிடையாது. ஸ்க்ரீன்ல வர்ற கணக்கை ரூஃபஸ் படிச்சு, மேனேஜர் விண்டர்பாட்டம் துரை காதுல போய்ச் சொல்லணும். ஜர்னல் ஸ்கொயர் ஏரியாவுல நம்மாளுங்களுக்கு ஒரே பொறாமை. நாப்பத்தேழுல தொரத்திவிட்ட வெள்ளக்காரனை அமெரிக்கா வரைக்கும் வந்து தேடிப் புடிச்சிருக்கானேன்னு.

ரூஃபஸ் விசா கிறிஸ்மஸோட முடியுது. க்ரீன் கார்டு அப்ளை பண்ண, இந்த ஆளு எங்களுக்கு வேணும்னு கம்பெனி லெட்டர் ஒண்ணு வேணும்.

"ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும் சார்."

துரை டீ கப்பைக் கீழ வெச்சார். "உன் வேலை நிரந்தரம், ரூஃபஸ். இது பிங்கிள்பி வார்த்தை."

"இமிக்ரேஷன்ல பேப்பர் கேக்குறாங்க சார்."

"வார்த்தைய விடப் பேப்பர் பெருசா?"

ரூஃபஸ் பொண்டாட்டி ஜெயலீலா ஆஸ்பத்திரி நர்ஸு. "எங்க ஆஸ்பத்திரில இருமினாலே லெட்டர் குடுப்பாங்க. என் பேர்ல அப்ளை பண்ணலாம்ங்க," ன்னா.

"பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டு வர்ற க்ரீன் கார்டு எனக்கு வேணாம்டி."

ரூஃபஸ் மூஞ்சி தொங்கிப்போனதைப் பாத்து துரைக்கு எரக்கம். தொப்பி, குடையோட அவரே இமிக்ரேஷன் ஆபீசுக்கு எழுந்தருளிட்டார்.

"லெட்டர் எங்க?" ன்னான் ஆபீசர்.

"நானே லெட்டர்."

"அப்படியா? உங்க பாஸ்போர்ட்டைக் காட்டுங்க லெட்டர்." புரட்டிப் பாத்தான். "டூரிஸ்ட் விசாவுல வந்துட்டா மேனேஜர் வேலை பாக்குறீங்க?"

"பாக்கலாம்னு கம்பெனி வார்த்தை குடுத்துச்சே!"

அந்த வாரமே துரையை லண்டனுக்கு பார்சல் பண்ணிட்டாங்க. அங்கேருந்து போன் வந்துச்சு. "ரூஃபஸ், இனிமே நீதான் மேனேஜர். இது பிங்கிள்பி வார்த்தை."

ஜெயலீலா யூனிஃபார்மோட ஓடியாந்தா, கையில பேப்பரும் பேனாவும். "இப்ப நீங்கதான மேனேஜரு! உங்க லெட்டரை நீங்களே எழுதுங்க!"

ரூஃபஸ் பேனா மூடியத் தொறந்தார். நாற்காலில சாஞ்சு பாத்தார். மெத்துன்னு இருந்துச்சு. சுவத்துப் படத்துலேருந்து பிங்கிள்பிங்க வரிசையா மொறைச்சாங்க. மூடியப் போட்டுட்டார்.

"ஜெயா, நூத்தி எண்பது வருஷம். நான் மேனேஜரான மூணாம் நாளே கெடுக்கணுமா?"

"யோவ்! விசா முடியுதுய்யா!"

"வார்த்தைய விடப் பேப்பர் பெருசா?" ன்னுட்டு டீயை உறிஞ்சினார்.

கிறிஸ்மஸ் கேக்கை ரூஃபஸ் மெட்ராஸ் ப்ளேன்ல சாப்ட்டார். மறுவருஷம் கம்பெனிய ஒரு அமெரிக்க பேங்க் வாங்க வந்துச்சு. மேஜை நாற்காலி கூட இவங்களோடதுதான்னு எழுத்துல காட்ட முடியல. கடைசில லத்தீன் பலகைய மட்டும் வாங்கிட்டுப் போய் லாபில மாட்டிட்டாங்க, ஸ்டைலா இருக்காம். ஜெயலீலா ஆஸ்பத்திரி லெட்டர்லயே க்ரீன் கார்டு வாங்கி, எடிசன் ஊர்ல வீடும் வாங்கிட்டா. புருஷனுக்கும் அப்ளை பண்ணிருக்கா. அவரு மெட்ராஸ்ல அமெரிக்க கான்சுலேட் க்யூவுல நிக்கிறார். அங்கயும் மேனேஜர்னுதான் சொல்லிக்கிறாராம்.

என்ன சிரிப்பு? அந்த மெத்து நாற்காலில உங்கள உக்கார வெச்சா, நீங்க மட்டும் எழுதிக் கிழிச்சிருப்பீங்களாக்கும்!

சரி, கதை சொன்ன கூலி, ஆளுக்கு ரெண்டு டாலர் வைங்க. என்னது, "அடுத்த வாரம் தரேண்ணே"யா? அந்தக் கம்பெனி மூடியாச்சு, பர்ஸை எடுய்யா.