தெருவை அடைச்ச சுவரும் கட்சிக் கட்டுப்பாடும்

சங்கரன்கோவில்ல ஒரு தெரு. தெருவுக்கு நடுவுல ஏழடிச் சுவர். சிமெண்டு மூட்டை அடுக்க எடம் பத்தலைன்னு காண்ட்ராக்டர் பொன்னுச்சாமி கட்டினது. சுவருக்கு அங்கிட்டு மெயின் ரோடு, இங்கிட்டு சண்முகையா வீடு. தறிக்கு நூல் மூட்டை தூக்கிக்கிட்டு சாக்கடை ஓரமா சுத்திச் சுத்தி நடந்தே அவரு சம்சாரம் தேன்மொழிக்கு முட்டி தேஞ்சிட்டு.

சண்முகையா கட்சியில வார்டு செயலாளர். இருபத்தாறு வருசமா வேற சின்னத்தை ஏறெடுத்துப் பார்க்காத மனுசன். பொன்னுச்சாமி எதிர்க்கட்சி. அதனால "இது மக்கள் விரோதச் சுவர்"னு நகராட்சிக்குப் பதினோரு மனு போட்டாரு. பக்கத்து வீட்டு சலாவுதீனுக்கும் அதே சுவருதான் தடை. ஆனா அவரும் எதிர்க்கட்சிலா? "சுவர் இருக்கப்போயிதான்வே வீட்டுக்குள்ள தூசி வரல"ம்பாரு.

கவுன்சிலர் தேர்தல் வந்துச்சு. வியாழக்கிழமை காலையில பொன்னுச்சாமி சண்முகையா கட்சியில சேர்ந்தாரு. சாயங்காலம் அவருதான் வேட்பாளர்னு மேலிடம் அறிவிச்சிட்டு.

 சண்முகையா துண்டை உதறிப் போட்டுக்கிட்டு, பெயிண்டு டப்பாவோட போயி, அதே சுவருல சின்னத்தை வரைஞ்சு, கீழ 'மக்களின் வழிகாட்டி பொன்னுச்சாமி'ன்னு எழுதினாரு.

சலாவுதீன் ஓடி வந்தாரு.

"ஏன்வே, இது மக்கள் விரோதச் சுவர்லா?"

"யாரு சொன்னா? தூசி வராம காக்குது பாய்."

"சட்டவிரோதம்வே! நாளைக்கே மனு போடுதேன். உம்ம மனுவ இங்க தாரும்."

சண்முகையா எடுத்துக் கொடுத்தாரு. "பேரை மட்டும் மாத்திக்கிடும். மத்ததெல்லாம் பதினோரு தடவை திருத்தினது."

தேன்மொழி எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதான் இருந்தா.

"விஜிதா டீச்சர் சுயேச்சையா நிக்காங்க. ஜெயிச்ச மறுநாளே சுவர இடிப்பேன்னு சொல்லுதாங்க. என் முட்டியத் தொட்டு சத்தியம் பண்ணுங்க, அவங்களுக்குத்தான் போடுவேன்னு."

"பின்ன? அந்தக் களவாணிக்கு எவன்ட்டி போடுவான்?" தொட்டு சத்தியம் பண்ணாரு.

பூத்துல, டீச்சரோட தையல் மெஷின் சின்னத்து மேல விரலை வச்சிட்டாரு. மேல பார்த்தா கட்சிச் சின்னம். 'நாம சின்னத்துக்குத்தான போடுதோம், ஆளுக்கா போடுதோம்? டீச்சருக்குத்தான் ஊரே போடுமே'ன்னு ஒரு நியாயம் தோணுச்சு. விரல் மேல போச்சு. பீப்.

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல டீச்சர் தோத்துட்டாங்க. "எந்தப் பாவி போட்ட ஓட்டோ!"ன்னு தெருவே திட்டுச்சு. எல்லாரையும் விடச் சத்தமா சண்முகையா திட்டினாரு.

மறுவாரம் பொன்னுச்சாமி, வார்டு வளர்ச்சிய மனசுல வச்சு, பழையபடி எதிர்க்கட்சிக்கே போயிட்டாரு.

சண்முகையாவுக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. மனுவ வாங்க ஓடினா, சலாவுதீன் சுவருக்கு வெள்ளையடிச்சிக்கிட்டு நிக்காரு.

"மனுதானவே? மேசை மேல இருக்கு, எடுத்துக்கிடும். தூசிக்கு இந்தச் சுவர் இல்லாட்டா முடியாது, பார்த்துக்கிடும்."

மனுவும் கையுமா வீட்டுக்கு வந்தாரு. தேன்மொழி மூட்டையோட கிளம்பிக்கிட்டு இருந்தா.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுட்டி. எந்தப் பாவி போட்ட ஓட்டோ, நீ இன்னும் நடக்கே."

தேன்மொழி பேனாவ வாங்கல. மூட்டைய எறக்கி வச்சா.

"ஏசாதீங்க. நீங்கதான் டீச்சருக்குப் போடுதேன்னு சத்தியம் பண்ணிட்டீங்களே. நம்ம வீட்டுலருந்து கட்சிக்கு ஒரு ஓட்டாவது போக வேண்டாமான்னு..."

சண்முகையா மனுவ நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சாரு. மூட்டைய அவரே தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, சாக்கடை ஓரமா முன்னால நடந்தாரு.