சட்டைப் பையில் ஒரு திருப்புளி

என் எடையை இனி நானே தீர்மானிப்பேன் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தேன். வேறு யாராவது இப்படிச் சொன்னால் அவர் ஓடப்போகிறார், இல்லையென்றால் பட்டினி கிடக்கப்போகிறார் என்று அர்த்தம். எனக்கு அந்த அவஸ்தையெல்லாம் இல்லை. நான் தராசு ரிப்பேர் செய்கிறவன்.

மளிகைக் கடைத் தராசு, கிடங்குத் தராசு, ஆஸ்பத்திரித் தராசு எல்லாம் என் கைபட்டவைதான். நான் சரிபார்த்த தராசு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. கடைக்காரர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், நான் மசிந்ததில்லை. அப்பேர்ப்பட்ட நேர்மையாளனை வீட்டிலே வைத்துக் கவிழ்த்தது ஒரு ஷூ கயிறு.

குனிந்து கயிறு கட்டினேன். நிமிர்ந்தபோது மாடிப்படி ஏறி வந்தவன் மாதிரி மூச்சு வாங்கியது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். அவள் பார்த்துவிட்டால் அடுத்தது டாக்டர்தான். டாக்டரம்மா என்னைத் தராசில் ஏற்றினார், முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்துப் பேசினார்.

"பத்து கிலோ குறைக்கணும். மூணு மாசம் டைம். இல்லேன்னா மாத்திரை ஆரம்பிச்சுடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் மெதுவாக ஆரம்பித்தேன்.

"மூணு மாசம் கழிச்சு என் கூடப் படிச்ச பசங்கள்லாம் கடற்கரைக்குப் போறோமே, ஞாபகம் இருக்கா? அப்போ போய் டயட்டு கியட்டுன்னு..."

"பத்து கிலோ குறைஞ்சா போயிட்டு வாங்க."

"குறையலேன்னா?"

"எங்க அண்ணன் வீட்டுக்குப் போகலாம்."

அவள் அண்ணன் ஓர் உடற்பயிற்சிப் பைத்தியம். விருந்தாளி வந்தால் நாற்காலி போட மாட்டார். தரையில் பாயை விரித்து, "குனிஞ்சு கால் கட்டைவிரலைத் தொடுங்க மாப்பிள்ளை" என்பார். எனக்கும் என் கட்டைவிரலுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்தப் பக்கம் கடற்கரை. கலங்கரை விளக்கத்தை ஒட்டி ஒரு வீடு. என்னோடு படித்த மொட்டை, அவன் ஏற்பாடு. அவனும் நானும் மற்ற நண்பர்களும் காலை முதல் இரவு வரை வறுத்ததும் பொரித்ததுமாகத் தின்று, பழைய வாத்தியார்களைத் திட்டி, தூங்கி எழுந்து மறுபடியும் தின்போம். வருஷம் முழுக்க நான் உயிர் வாழ்வதே அந்த நாலு நாளுக்காகத்தான்.

மனைவி ஒரு தராசு வாங்கி வந்து படுக்கையறை மூலையில் வைத்தாள். ஞாயிறுதோறும் காலையில் குளித்துவிட்டு அதில் ஏற வேண்டும், அவள் பக்கத்தில் நிற்பாள். அந்தத் தராசைப் பார்த்ததும்தான் எனக்கு மேலே சொன்ன ஞானம் பிறந்தது.

கத்துக்குட்டியாக இருந்தால் முள்ளைப் பின்னால் தள்ளி வைப்பான். அப்படிச் செய்தால் யாரும் ஏறாதபோதே முள் பூஜ்யத்துக்குக் கீழே நின்று காட்டிக்கொடுத்துவிடும். நான் அடிமூடியைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் திருகைத் திருப்புளியால் ஒரு சின்னத் திருப்பு திருப்பினேன். ஆள் இல்லாதபோது முள் பூஜ்யத்தில் அடக்கமாக நிற்கும். ஏறினால்தான் பொய் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். ஒரு கிலோவுக்கு மேல் குறைவு.

"பரவாயில்லையே" என்றாள் மனைவி. நான் இறங்கியதும் அவளும் சும்மா ஒருமுறை ஏறிப் பார்த்தாள். இறங்கி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் திருப்பினேன். ஞாயிற்றுக்கிழமை முள் குறைவதற்குப் பதில் கொஞ்சம் ஏறியிருந்தது. அவசரத்தில் சரியாகத் திருப்பவில்லை போலிருக்கிறது என்று என்னையே நொந்துகொண்டேன். மூன்றாம் வாரம் மூடியைக் கழற்றியபோது திருகின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. எங்கள் தொழிலில், சரிபார்த்த திருகு அசையாமல் இருக்கிறதா என்று தெரிய அப்படி ஒரு பொட்டு வண்ணம் வைப்பது வழக்கம். இது வரை கவனிக்கவில்லையே, கம்பெனிக்காரன் தொழில் தெரிந்தவன் என்று மனசுக்குள் பாராட்டிவிட்டுத் திருப்பினேன். அதற்குப் பிறகு முள் வாராவாரம் ஒழுங்காகக் குறைந்தது.

இதற்கிடையில் என் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. மனைவி அதைத் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டாள். ஏதோ ஒரு சாமான் வரவேண்டுமாம், வந்தபாடில்லை. கடைகடையாக நடந்தே வேலைக்குப் போய்வந்தேன்.

வீட்டில் பிஸ்கட் டப்பாவும் காணாமல் போயிற்று. ஆனால் என்னிடமா நடக்கும்? ஒரு நாள் அவள் பையோடு மாடிப்படி ஏறுவதையும், வெறுங்கையோடு இறங்குவதையும் பார்த்துவிட்டேன். நாங்கள் இருப்பது முதல் மாடி. கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. ஐந்தாவது மாடிக்கும் மேலே, மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் டப்பா உட்கார்ந்திருந்தது. உள்ளே முந்திரி பிஸ்கட். மொத்தமே நாலு. ஒன்றை மட்டும் தின்றேன், சந்தேகம் வரக்கூடாது பாருங்கள்.

அன்றிலிருந்து தினமும் போனேன். சில நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. டப்பாவில் பிஸ்கட் குறைவதே இல்லை. இவளுக்கு எண்ணத் தெரியவில்லையே, இவளோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேனே என்று தொட்டி நிழலில் உட்கார்ந்து அவளுக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேன். நிஜமாகவே பரிதாபப்பட்டேன்.

ஒரே ஒரு குறை. பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது.

"என்ன சோப்பு போடறே? துணியெல்லாம் இழுத்துக்கிட்டுப் போகுது பாரு."

"அப்படிங்களா? மாத்திடறேன்."

"பெல்ட்டும் இழுத்துக்குது."

"அதுக்கு வேற சோப்பு பாக்கறேங்க."

இப்படி ஒரு சாதுவை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது. கடற்கரையை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

மூன்று மாதம் முடிந்தது. வீட்டுத் தராசில் பத்து கிலோ காலி. திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் காட்டினால் வேலை முடிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுத் தராசு என் பேச்சைக் கேட்கும். டாக்டரம்மாவின் தராசு? அதை நானே சரிபார்த்திருக்கிறேன். அது என்னைப் போலவே நேர்மையானது.

சனிக்கிழமை மதியம் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"வருஷாந்திர செக்கிங்," என்றேன் நர்ஸிடம்.

"போன மாசம்தான வந்தீங்க?"

"ஒரு சந்தேகம். ஊர்ல தராசெல்லாம் ஒரு மாதிரி இருக்கு."

இப்படியும் ஒரு காய்ச்சல் பரவுகிறதா என்ற பார்வையோடு அவள் கதவருகிலேயே நின்றாள். நான் மூடியைக் கழற்றி, என் பழைய எடையிலிருந்து பத்து கிலோ கழியும்படி கணக்காகத் திருப்பினேன். ஏறிப் பார்க்கவில்லை. நர்ஸ் முன்னால் வேண்டாம் என்பது ஒரு காரணம். உண்மையை அவ்வளவு பக்கத்தில் பார்க்கும் தைரியம் இல்லை என்பது இன்னொன்று.

திங்கட்கிழமை. மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா ஏறச் சொன்னார். நான் பெருமாள் கோயில் யானை மாதிரி நிதானமாக ஏறினேன்.

டாக்டரம்மா முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இறங்கி ஏறுங்க."

இறங்கி ஏறினேன்.

"பத்து கிலோதான குறைக்கச் சொன்னேன்? இருபது குறைஞ்சிருக்கே. பசி எடுக்குதா?"

"நல்லா எடுக்குது டாக்டர்."

"தூக்கம்?"

"அதுவும் நல்லா வருது."

"சாப்பிட்டும் இவ்வளவு இறங்கியிருந்தா சாதாரணம் இல்ல. ரத்தம் எடுக்கணும், ஸ்கேன் பண்ணணும். ரெண்டு வாரத்துக்கு ஊரை விட்டு நகரக்கூடாது."

இருபது எப்படி வரும்? திருப்பியது பத்துக்குத்தானே. மீதிப் பத்து கிலோ எங்கே போயிற்று? கடற்கரை, கலங்கரை விளக்கம், வறுத்தது, பொரித்தது எல்லாம் கண்ணெதிரே மங்கின. உண்மையைச் சொன்னால் தொழிலில் மானம் போகும். சொல்லாவிட்டால் ஊசி போடுவார்கள். எது முதலில் வலிக்கும் என்று யோசித்துக்கொண்டு தராசின் மேலேயே நின்றேன்.

என் மனைவி எழுந்தாள்.

"டாக்டர், நான் ஒரு தடவை ஏறிப் பாக்கட்டுமா?"

என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு அவள் ஏறினாள். டாக்டரம்மா குனிந்தார்.

"என்னம்மா இது, உங்களுக்கும் குறைஞ்சிருக்கு?"

"ஆமா டாக்டர். அதே வியாதிதான். நீங்களும் ஏறிப் பாருங்க, உங்களுக்கும் இருக்கும்."

டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முள்ளைப் பார்த்ததும் அவர் முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. பெண்மணிதானே. பிறகுதான் சந்தேகம் வந்தது.

"மூணு பேருக்கும் ஒரே வியாதியா?"

"ஆமா டாக்டர்," என்றாள் என் மனைவி. "மருந்து இவர் சட்டைப் பையில இருக்கு."

என் சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கைப்பிடி போட்ட திருப்புளியை உருவி என் கையில் கொடுத்தாள். குரலில் கோபம் இல்லை. குழந்தையிடம் பென்சிலைக் கொடுத்து எழுதச் சொல்வது போல, "சரி பண்ணுங்க" என்றாள்.

மண்டியிட்டுச் சரி செய்தேன். தராசுக்கு முன்னால் நான் மண்டியிடுவது வழக்கம்தான், ஆனால் அன்றைக்கு மட்டும் கும்பிடுகிற மாதிரி இருந்தது. பிறகு ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"பத்து கிலோ குறைஞ்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "கரெக்டா பத்து. இது நிஜம்தான?"

நான் கண்ணைத் திறந்தேன். முள் நின்ற இடத்தைப் பார்த்தேன். என் கையால் அப்போதுதான் சரிசெய்த தராசு. அது பொய் சொல்லாது. மூன்று மாதமாக நான் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்கே தெரியாமல் யோக்கியனாக வாழ்ந்திருக்கிறேன்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, தாராளமாக ஊருக்குப் போகலாம் என்றார். வெளியே வந்து நடந்தோம்.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"மொத வாரமே. உங்களுக்குக் குறைஞ்ச அன்னைக்கே எனக்கும் குறைஞ்சுது. நான் என்ன பண்ணேன் குறையறதுக்கு?"

"அப்போ?"

"நீங்க சனிக்கிழமை திருப்புவீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க குளிக்கறப்போ நான் திருப்பி வச்சுடுவேன்."

"எந்தத் திருகுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சாப்பிடறப்போ தராசுக் கதை தவிர வேற என்ன சொல்லியிருக்கீங்க? எந்தத் திருகு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதா? பொட்டு வைக்கணும்னும் நீங்கதான் சொன்னீங்க. வீட்ல பெயின்ட் இல்ல, நகப்பூச்சு வச்சேன்."

அவள் கேட்கவில்லை என்று நினைத்துத்தான் அத்தனை வருஷமும் பேசினேன். தலையை ஆட்டிக்கொண்டே கரண்டியைத் தேடுவாள், குழம்பைப் பரிமாறுவாள். ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டிருக்கிறாள். என்னிடம் வேலை கற்க வந்தவர்கள் எவருக்கும் அந்தத் திருகு இன்று வரை பிடிபடவில்லை. நடுத்தெருவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

"பிஸ்கட்?" என்றேன் கடைசி நம்பிக்கையோடு. "அது நானா கண்டுபிடிச்சது. பையைத் தூக்கிக்கிட்டு நீ போனதை நான்..."

"நீங்க பாக்கறீங்களான்னு பாத்துட்டுத்தாங்க ஏறினேன். ஒரு பிஸ்கட்டுக்கு அஞ்சு மாடி. நான் கெஞ்சினா ஏறியிருப்பீங்களா?"

தெருமுனையில் மெக்கானிக் கடை வாசலில் என் ஸ்கூட்டர் பளபளவென்று நின்றது. மெக்கானிக் என்னைப் பார்த்ததும் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தான்.

"சாமான் வந்துடுச்சா?" என்றேன்.

"அது போகவே இல்லையே," என்றாள் மனைவி. "நல்லாதான் இருந்துது."

நான் அவளைப் பார்த்தேன். எத்தனையோ பேருடைய தராசைச் சரிபார்த்தவன் நான். என் வீட்டில் இருந்த ஒரே துல்லியமான கருவியை இத்தனை வருஷம் கவனிக்கவே இல்லை. இனி இவளிடம் ஒன்றையும் மறைப்பதில்லை என்று அங்கேயே சபதம் செய்தேன். நாலு நாள் கடற்கரை மட்டும் போதும். அங்கே போய் ஆசை தீரத் தின்றுவிட்டு வந்தபின் சாகும்வரை இவள் சொல்வதைக் கேட்கலாம்.

"அப்போ நான் ஊருக்குப் போகலாம்தான? வார்த்தை மாற மாட்டியே?"

"நான் ஏன் மாறறேன்? தாராளமா போகலாம். மொட்டையோட சம்சாரம் போன் பண்ணினாங்க. பிஸ்கட் விஷயத்தைச் சொன்னேன். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உங்க பசங்க எல்லார் வீட்லயும் பேசிட்டாங்க. நாங்களும் வர்றோம்."

நான் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"அந்த வீடு கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துலதானங்க?"

"ஆமா. ஏன்?"

"உச்சி வரைக்கும் படிக்கட்டுதானாம். சாப்பாட்டை அங்க வைக்கச் சொல்லிட்டேன்."