கட்டில் பாய் வென்ற சொல்

சிங்கப்பூரில் நாற்காலி விற்றவர்கள் ஏராளம். நாற்காலியோடு அதன் பூர்வீகத்தையும் சேர்த்து விற்றவர் கட்டில் பாய் ஒருவர்தான். அப்படிப்பட்ட மனிதரை நான் ஊர் நடுவே ஏமாற்றினேன். எண்பதைத் தாண்டிய பிறகு இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் அவருடைய பழைய மரச்சாமான் கடை. ஊர் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கழித்துவிடுவதை வாங்கி, பாலிஷ் போட்டு விற்பார். இயற்பெயர் யாருக்கும் தெரியாது. கட்டில் பாய் என்ற பெயரில் கட்டிலும் இருந்தது, பாயும் இருந்தது, தலையணைதான் குறை.

விலை கேட்டால் உடனே சொல்லமாட்டார். சிங்கப்பூர்ப் பேச்சுக்கே உரிய ‘லா’வையும் ஒட்டி, பூர்வீகத்திலிருந்து தொடங்குவார்.

“சேர்னா என்ன? சாயறதுக்கு உள்ளது. சாய், சாயி, சேர்! வெள்ளைக்காரன் நாக்கு அவ்வளவுதான் லா.”

“டேபிள், பாய்?”

“தட்டுப்பலகை. கப்பல்ல போறப்போ தண்ணி பட்டுச் சுருங்கிடுச்சு.”

“சோபா?”

“சோம்பல். இதுக்கு விளக்கம் வேற வேணுமா? உக்காந்து பாருங்க, தெரியும்.”

உட்கார்ந்து பார்த்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் இருந்தது. ஆங்கிலப் பள்ளி ஆசிரியரான நான் அதன் செயலாளர். சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் இலக்கணம் பேசினால் ஆட்கள் மெல்ல டீக்கடைக்கு நகர்வார்கள். பாய் பேச எழுந்தால் டீக்கடைக்காரரே உள்ளே வந்துவிடுவார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் எல்லார் முன்னிலும் கேட்டேன்: “பாய், எல்லாம் வேணாம். மரச்சாமான்ல ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லு தமிழ்னு டிக்ஷனரியில காட்டுங்க.”

“காட்டறேன். சீ-ஓ-டி, காட்! நம்ம கட்டில்தான் அவன் காட்!”

“இல்லேன்னா?”

“இல்லேன்னா இனிமே சொல்லு பத்தி வாயே திறக்கமாட்டேன். என் கடை மேல ஆணை.”

தடித்த அகராதியை எடுத்துப் புரட்டியவன் நான்தான். ‘காட்’ அதில் இரண்டு முறை இருந்தது. முதல் காட், சின்னக் குடிசை; பழைய ஆங்கிலச் சொல். அதற்குக் கீழே இரண்டாவது காட், படுக்கும் கட்டில். இந்தியிலிருந்து வந்தது, அதற்கும் பின்னால் திராவிட மூலம், தமிழ்க் ‘கட்டில்’ ஒப்பிடுக என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. இரண்டையும் மனத்துக்குள் படித்தேன். முதலாவதை மட்டும் உரக்க வாசித்து அகராதியை மூடினேன்.

“பாய், கட்டில் உடைஞ்சிடுச்சு! பாயை விரிச்சுப் படுங்க!” என்று ஓர் இளைஞன் கத்தினான். கூடமே குலுங்கியது. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். அதுதான் என்னை வாட்டியது.

“இது என்ன பாய்?”

“நாற்காலி.”

“எங்கேருந்து வந்துச்சு?”

“காத்தோங்ல ஒரு வீடு.”

அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. துக்க வீட்டுக்கு வந்தவர்களைப்போல வாடிக்கையாளர்கள் தலைகுனிந்து வெளியேறினார்கள். கடையைக் கைமாற்றப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது.

படிப்பக ஆண்டுவிழா வந்தது. விழாவுக்கு இருக்கைகள் வாடகைக்குக் கொடுத்தவர் என்பதால் பாய் கடைசி வரிசையில் இருந்தார். வரவேற்புரை சொல்லவேண்டிய நான், ஒலிபெருக்கி முன்னால் அகராதியை விரித்து, மறைத்ததை ஒப்புக்கொண்டேன். இரண்டாவது காட்டை முழுதாக வாசித்தேன்.

“என்னை மன்னிச்சிடுங்க, பாய்.”

“மன்னிப்பெல்லாம் அப்புறம். இன்னொரு வாட்டி படிங்க, வாத்தியாரே.”

படித்தேன்.

“மெதுவா.”

படித்தேன்.

“கட்டில் உடைஞ்சிடுச்சுன்னு கத்துன தம்பி எங்க? அவரு காதுகிட்டப் போய்ப் படிங்க.”

போய்ப் படித்தேன். கைதட்டல் அடங்கச் சிறப்புப் பேச்சாளர் வெகுநேரம் காத்திருந்தார். அடங்கிய பிறகு பேசியது பாய்.

மறுநாள் கடை வாசலில் ஒரு பலகை: ‘காட் எங்கள் சொல். உள்ளே விற்கிறோம்.’ காட் என்றால் குழந்தை படுப்பதல்லவா என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டாராம். “சொல்லு எங்களுது சார், சைஸையும் நாங்கதான் சொல்லணும்!” என்று ஆறடிக் கட்டிலை அவர் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார் பாய்.

அத்தோடு நின்றாரா? “ஒண்ண மறைச்சவரு மத்ததையும் மறைச்சிருக்க மாட்டாரா லா?” என்று ஊரெல்லாம் சொன்னார். சேர், டேபிள், சோபா எல்லாமே அகராதியில் தமிழாக இருப்பதாகவும், வாத்தியார் இன்னும் வாசிக்கவில்லை என்றும் ஊர் நம்பியது.

மகள் கல்யாணத்துக்குச் சாமான் பார்க்க வந்த ஒருவரிடம், ஒருநாள் அலமாரியைத் தட்டிக் காட்டினார். “கப்போர்டு. காப்புப் போட்டு வைக்கிறது. சந்தேகம்னா இதோ நிக்கிறாரே வாத்தியாரு, கேளுங்க!”

சாமான் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்தார். கோப்பை வைக்கும் பலகைதான் அது என்று பள்ளிக்கூடத்தில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

“பாய் சொன்னா சரிதாங்க,” என்றேன்.

பாய் என் தோளில் கையைப் போட்டார். அந்தக் கை கொஞ்சநேரம் அங்கேயே இருக்கட்டும் என்று நான் அசையாமல் நின்றேன்.