பித்தளை உழக்கும் ஒன்பது கோழிக்குஞ்சுகளும்

வெயிலாபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே ஆண்டுக்கு நான்கு மாதம் மழை கொட்டும். நாட்டின் பெயருக்கும் மழைக்கும் உள்ள பிணக்கை எந்த மன்னரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, பரிதிவர்மர் பட்டத்துக்கு வரும்வரை.

பரிதிவர்மர் இளகிய மனசுக்காரர். வினையே அங்கிருந்துதான் தொடங்கியது. ஒருநாள் பல்லக்கில் போகும்போது, சடைச்சி என்பவள் தன் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பஞ்சாரத்தைப் பார்த்தார். அந்த மூங்கில் கூடைக்குள்ளே பதினான்கு கோழிக்குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. மன்னரின் கண் கலங்கிவிட்டது. பால்மணம் மாறாத பிள்ளைகளுக்குச் சிறையா என்று கேட்டார்.

சடைச்சிக்கு அது சிறை இல்லை. தாய்க்கோழியைக் கீரி பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அந்தப் பதினான்குக்கும் அவள்தான் தாய். பொரித்து மூன்று வாரம். உடம்பில் பஞ்சுதான், இறகு இன்னும் சரியாக முளைக்கவில்லை. பஞ்சு நனைந்தால் குளிர் உள்ளே இறங்கிவிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் கேட்காது. அதனால் காலை வெயிலில், காய்ந்த தரையில் ஒரு நாழிகை மேயவிடுவாள். மறுநாள் இன்னும் கொஞ்சம். மேகம் கறுத்தால் பஞ்சாரத்தைக் கவிழ்த்துச் சாக்கைப் போர்த்திவிடுவாள். ஊரே அப்படித்தான் செய்தது. இதற்கென்று ஓர் அமைச்சரவை கூடவேண்டிய தேவை அதுவரை வந்ததில்லை.

மறுநாளே கூடியது. இளங்கோழி நலத் துறை என்று ஒன்று பிறந்தது. அதன் தலைமைக் கண்காணி அனந்தரூபர் ஊருக்கு வந்து முரசறைவித்தார். இனி நாட்டிலுள்ள கோழிக்குஞ்சுகள் அனைத்தும் இரவும் பகலும் திறந்த வெளியில் சுதந்திரமாக வாழும், பஞ்சாரங்களை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்ததை அரசு வீணாக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் நெருக்கமாகக் கோத்து, மேலே மெழுகுத்துணி விரித்து, மன்னருக்கு ஒரு பந்தல் செய்தார்கள். அந்நாட்டு வழக்கப்படி அரச பந்தலைக் கம்பம் நட்டு நிறுத்தக் கூடாது. குடிமக்கள் இருபத்துநான்கு பேர் கையால் தாங்க வேண்டும்.

அன்று மாலையே மழை பெய்தது. சடைச்சி ஐந்து குஞ்சுகளைப் புதைத்தாள். அழுதுகொண்டே போய் அனந்தரூபரிடம் முறையிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மழை என்று ஆளாளுக்குச் சொல்லிவிட முடியாது என்று விளக்கினார். பித்தளையில் செய்த அரச உழக்கு ஒன்று இருக்கிறது. அதில் தண்ணீர் விழுந்தால்தான் மழை. முத்திரை பொறித்த பாத்திரம் என்பதால் அது நனையக் கூடாது. சபை நாளில் மன்னருக்குப் பக்கத்தில் பந்தலின் கீழே இருக்கும், மற்ற நாளில் கருவூலத்தில் பூட்டியிருக்கும். உழக்கு காய்ந்திருக்கிறது, ஆகவே அந்த ஐந்தும் தாமாகவே குளித்திருக்கின்றன என்று முடித்தார்.

"கோழிக்குஞ்சு எங்கயாச்சும் குளிக்குமா எசமான்?"

"சுதந்திரம் வந்தால் குளிக்கும்."

திட்டத்தின் வெற்றியை நேரில் காண மன்னர் மூன்று நாளுக்கு ஒருமுறை ஊர்ப் பொட்டலில் சபை கூட்டினார். ஊரார் தத்தம் குஞ்சுகளோடு தரையில் உட்கார வேண்டும். முதல் சபையன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அனந்தரூபர் உழக்குக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மழை இல்லை என்று ஒப்புவோர் இரு கைகளையும் உயர்த்தலாம் என்றார். தண்ணீர் சொட்டச் சொட்ட ஊரே கைதூக்கியது. சடைச்சி மட்டும் தூக்கவில்லை. மிச்சமிருந்த ஒன்பதும் அவள் மடியில், முந்தானைக்குள் இருந்தன. இரண்டு கையாலும் பொத்தியிருந்தாள்.

அனந்தரூபர் கிட்டே வந்து காரணம் கேட்டார்.

"தூக்குனா இதுக நனைஞ்சு செத்துப்போகும் எசமான்."

அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. இல்லாத மழையில் ஒன்று நனையும் என்று பதிவேட்டில் எழுத முடியாது. ஒருத்தி மறுத்தாள் என்று எழுதினால் மன்னரின் மனசு நோகும். அவளுடைய இரண்டு கைகளையும் நன்றாகப் பார்த்துக்கொண்டே, 'சடைச்சி, இரு கைகளும் இல்லாதவள்' என்று எழுதி முத்திரை வைத்தார். கையில்லாதவர்களை எந்த ஊழியத்துக்கும் அழைக்கக் கூடாது என்று அந்நாட்டில் ஒரு பழைய சட்டம் உண்டு. அது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் விசாரிக்க வந்தாள். கை போனது வலிக்கிறதா என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகலக்கா. ஒம்போதும் உசுரோட இருக்கு," என்றாள் சடைச்சி. ஒச்சம்மாளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரிதான்.

இரண்டாம் சபையில் மழை இன்னும் வலுத்தது. உயர்த்தலாம் என்றதும் ஒரு கைகூட எழவில்லை. எல்லாக் கையும் மடியில், முந்தானையிலும் துண்டிலும் எதையோ பொத்திக்கொண்டிருந்தது. பந்தல் சுமந்தவர்களை முதல் சபையில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவர்களிடம் உயர்த்துவதற்கு வேறு கை இல்லை. விதி எல்லோருக்கும் பொது என்று அனந்தரூபர் அவர்களையும் அதே பட்டியலில் சேர்த்தார். எழுதி எழுதி அவர் கைதான் வலித்தது.

மூன்றாம் சபையன்று பந்தல் சுமக்க ஆள் அழைப்பதற்காகப் பதிவேட்டைத் திறந்தார்கள். ஊரில் கையுள்ளவர் ஒருவரும் இல்லை. காவலர்கள் பந்தலைத் தாங்குவதை வழக்கம் ஏற்காது. பந்தல் இல்லாமல் ஆகாது என்று வற்புறுத்தவும் யாருக்கும் துணிவில்லை, மழையே இல்லாத நாட்டில் பந்தல் எதற்கு என்று கேள்வி வரும். மன்னர் வெட்டவெளியில் அமர்ந்தார். பக்கத்தில் உழக்கு. பந்தல் ஓரமாகத் தரையில் கிடந்தது.

மழை வந்தது. ஊரார் எழுந்துபோய்ப் பந்தலின் கட்டை அவிழ்த்து, அவரவர் பஞ்சாரத்தை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். யார்மீதும் குற்றம் பதிவாகவில்லை. கையில்லாதவர்கள் கட்டவிழ்த்தார்கள் என்று எப்படி எழுதுவது? சடைச்சியின் பஞ்சாரத்தில் நீலக் கந்தல் கட்டியிருக்கும். ஓடிப்போய் எடுத்து ஒன்பதின் மேலும் கவிழ்த்துச் சாக்கைப் போர்த்தினாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

உழக்கு நிரம்பி வழிந்தது. மன்னரின் பட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டது, பற்கள் தந்தியடித்தன. இது என்ன என்று கேட்டார்.

அனந்தரூபர் உழக்கை எட்டிப் பார்த்தார். "மழை, அரசே. அதிகாரபூர்வமான மழை."

மன்னர் நடுங்குவதைப் பார்க்கச் சடைச்சிக்கே பாவமாக இருந்தது. அவள் புதைத்த ஐந்தும் கடைசியில் இப்படித்தான் நடுங்கின. அதற்குள் அனந்தரூபர் சேற்றில் வழுக்கிக்கொண்டு அவளிடம் ஓடிவந்தார். அந்த மெழுகுத்துணியைக் கொஞ்ச நேரம் மன்னரின் தலைக்குமேல் பிடிக்கும்படி கெஞ்சினார்.

சடைச்சி சாக்கின் நுனியை இரண்டு கையாலும் இழுத்து, ஒரு கல்லைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"எனக்குத்தான் கை இல்லையே எசமான். நீங்கதான எழுதுனீக."