போணிக்கு எடுக்காத மகள்

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டையாக இருக்கும் என்பதுதான். இந்த அறிவை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஓர் அணிக்கு முதலாளியாக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கல்மண்டபத்தில் கயிறும் வலைச் சாமானும் விற்கும் கடை என்னுடையது. எங்கள் பகுதியில் பெண்பிள்ளைகளுக்காக ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு கடைக்காரர் பொறுப்பு. ஆட்டக்காரிகளின் பெயர்களைப் பலகையில் எழுதிவைத்து, சீட்டுக் குலுக்கி, விழுந்த வரிசைப்படி நாங்கள் சுற்றுக்கு ஒருத்தியாக எடுக்க வேண்டும்.

நான் இதில் இறங்கியதே என் மகள் பெனிட்டாவுக்காகத்தான். பதினாறு வயது, கோல்கீப்பர். அவள் பந்தை நோக்கிப் பாயும்போதெல்லாம் அவளுடைய பல், மூக்கு, முழங்கை மூன்றும் தனித்தனியாக என் கண்முன் வந்துபோகும். என் அணியில் இருந்தால் கொஞ்சம் மெதுவாகப் பாயச் சொல்லலாம் என்பது என் திட்டம். "நம்ம கடை பேரு போட்ட சட்டையிலதான்பா ஆடுவேன்" என்று அவளும் ஆசையாக இருந்தாள்.

சீட்டில் முதல் எண் எனக்கே விழுந்தது. உடனே என் புத்தி கடைக்கு ஓடிவிட்டது. முதல் தேர்வு என்றால் போணி, கடையில் அன்றைய முதல் வியாபாரம் மாதிரி. வீட்டு ஆளுக்குப் போணி பண்ணுவதில்லை என்பது என் இருபது வருடப் பழக்கம். காலையில் என் மனைவியே வந்து கொடிக்கயிறு கேட்டாலும், வெளியாள் ஒருவர் வாங்கும்வரை ஓரமாக நிற்க வைத்துவிடுவேன். (அவள் இன்னும் மன்னிக்கவில்லை.) போதாதற்கு, சொந்த மகளை முதலில் எடுத்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் வேறு.

"பவித்ரா" என்றேன். ஒரே கைதட்டல். வட்டாரத்திலேயே அதிக கோல் போடுகிறவள் அவள். மகளை இரண்டாவது சுற்றில் எடுத்துக்கொள்ளலாம் என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். அதற்குள் மற்ற முதலாளிகளும் ஆளுக்கொருத்தியை எடுப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து எழுந்தவர் தண்டையார்பேட்டை அணியின் கஜா. லேத் பட்டறைக்காரர். கல்மண்டபத்திடம் தோற்பதையே வருடாந்திர வேலையாக வைத்திருந்த அணி அது. "பெனிட்டா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா அண்ணாச்சி, பெத்த பொண்ண உட்டுட்டு ஜாலியா குந்திகினு கீற?"

வீட்டில் என் மனைவி, "கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? பிள்ளைய ஊரான்கிட்ட தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிய!" என்று கத்தினாள். பெனிட்டா கத்தவில்லை. "அந்த அக்கா அளவுக்கு நான் வர மாட்டேன்னு நெனச்சிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள். போணியைப் பற்றி விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே கேவலமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது "ம்" என்ற ஓர் எழுத்துதான்.

இறுதி ஆட்டத்தில் எங்கள் இரண்டு அணிகளும் மோதின. வியாசர்பாடி மைதானம். ஜெயிக்கப்போவது நாங்கள்தான் என்று மாலையெல்லாம் வாங்கி வைத்திருந்தேன். ஆனால் தண்டையார்பேட்டை எப்படியோ ஒரு கோல் போட்டுவிட்டது. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்துவிட்டுப் பவித்ரா பின்னால் நடந்தாள். கம்பங்களுக்கு நடுவே என் மகள் தனியாக நின்றாள்.

அப்போது மைதானமே கேட்கும்படி ஒரு குரல்: "வலது பக்கம் பாயும்மா! விட்றாதே!"

குரல் என்னுடையது.

பவித்ரா உதைத்தாள். பெனிட்டா இடது பக்கம் பாய்ந்தாள். பந்தும் இடது பக்கம்தான் வந்தது. (இதிலும் என் தேர்வு தப்பு.) பந்து அவள் விரல் நுனியில் பட்டு வெளியே போனது. நான் மாலையோடு மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். நடுவர் விசில் ஊதி எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.

"மாமு, இந்த ஆளு எந்த டீமுடா?" என்று யாரோ கேட்டார்கள். பவித்ரா என் அருகில் வந்து பரிதாபமாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, நான்தான் உங்க டீமு."

அந்த ஒரு கோலில் தோற்றுப்போன முதலாளியான நான் அன்று அழுதேன், அதுவும் சந்தோஷத்தில். 

வீடு திரும்பும் வழியில் பெனிட்டா முழு வாக்கியம் பேசினாள்: "நீங்க வலதுன்னு கத்துனீங்கல்ல, அதான் இடது பாஞ்சேன்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். தர்பூசணியோ ஃபேனோ, எது வாங்கப் போனாலும் இரண்டில் ஒன்றை முதலில் என்னைக் கைகாட்டச் சொல்வார்கள். பிறகு மற்றதை எடுத்துக்கொள்வார்கள். பந்தாட்டத்துக்காகவே இரண்டு கல்லூரிகள் பெனிட்டாவுக்கு இடம் கொடுத்தபோதும் மிகுந்த மரியாதையோடு என்னிடம் கேட்டாள். நான் ஒன்றைச் சொன்னேன். மற்றதில் சேர்ந்தாள். இப்போது அந்த அணிக்கு அவள்தான் கேப்டன்.

யார் கேட்டாலும், அந்தக் கல்லூரி கிடைத்தது என்னால்தான் என்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே!