உம் டாக்டரம்மாவின் சனிக்கிழமை வகுப்பு

காரைக்குடியில் பைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்தவர்கள் அந்த நாளில் இரண்டு மூன்று பேர் இருந்திருக்கலாம். அந்த வைத்தியம் பார்க்கிறவர்களுக்கே பைத்தியம் பிடித்துவிடாமல் பார்த்துக்கொண்டவர் ஒருவர்தான். அவர் உம் டாக்டரம்மா. இதை மறுத்துப் பேச யாராவது இருந்தால் தாராளமாக வரலாம், நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. பெயருக்குப் பின்னால் கொட்டை எழுத்துகளில் பட்டங்களும் உண்டு. அதையெல்லாம் ஊரில் ஒருவரும் சீண்டவில்லை. ரிக்‌ஷாக்காரரிடம் "உம் டாக்டரம்மா வீடு" என்றால் போதும், கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஊரிலிருந்த ஒரு தரும ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் நான் ஆலோசகர். மருந்து எழுதுவது டாக்டர்களின் வேலை. நோயாளியை உட்காரவைத்துப் பேசவைப்பது என் வேலை, நர்ஸ் சவரியம்மாளின் வேலை, இன்னும் நாலைந்து பேரின் வேலை. எங்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை டாக்டரம்மா மேற்பயிற்சி வகுப்பு எடுப்பார். முதல் வகுப்புக்குத் தடித்த நோட்டோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

"நோட்ட மூடுங்க தம்பி. ஒரு ஊர்ல ஒரு காக்கா இருந்துச்சு" என்று ஆரம்பித்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எம்.ஏ. முடித்துவிட்டு வந்தவனுக்குக் காக்கா வடை கதையா? வாயைத் திறக்காமல் இருந்தேன். அவரும் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சவரியம்மாள் என் முழங்கையில் இடித்தார்.

"உம் கொட்டுங்க சார். இல்லாட்டி அவுக நகரமாட்டாக."

"உம்" என்றேன்.

"இது பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கிற உம். மறுக்காச் சொல்லுங்க."

கதை கேட்கிறவன் உம் கொட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டாக்டரம்மா அதையே பாடத்திட்டமாக்கிவிட்டார். உம் முந்திவந்தால், "கதைய நீங்களே முடிச்சுட்டீகளே, அப்ப நான் என்னத்துக்கு?" என்பார். பிந்திவந்தால், "முழிச்சுக்கங்க" என்பார். குரலில் கொஞ்சம் இரக்கத்தைக் குழைத்துப் போட்டால் வந்தது வினை. "துட்டி வீட்டுல துக்கம் கேக்கவா வந்திருக்கீக?" என்று கேட்டுக் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்தக் காகம் வடையை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போய்ச் சேர எங்களுக்கு முற்பகல் முழுவதும் ஆனது.

கதை முடிந்ததும் அதை நடித்துக் காட்டச் சொன்னார். நான் காகமானேன். சவரியம்மாள் எனக்கு ஆலோசகர். வடை போன துக்கத்தில் நான் இரண்டு தடவை கரைந்தேன். சவரியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"விடுங்க, வேற வடை கிடைக்கும்."

"கெடுத்தீகளே சிஸ்டர்! அது இன்னும் அழுகவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள கண்ணத் தொடச்சு விடுறீகளே!" என்று டாக்டரம்மா மேசையைத் தட்டினார். சத்தம் கேட்டுக் கீழே மருந்து கொடுக்கிறவர் ஓடிவந்தார். அவரையும் உட்காரவைத்து நரியாக்கினார்.

ஆஸ்பத்திரி முழுக்கச் சிரித்தது. நானும் வீட்டில் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அடுத்த வாரம் ஒரு நோயாளி அழ ஆரம்பித்தபோது, "எல்லாம் சரியாயிரும்" என்று நுனிநாக்குவரை வந்ததை விழுங்கிவிட்டு வெறும் உம் கொட்டினேன். மாதக்கணக்காக வாயே திறக்காத மனிதர் மத்தியானச் சாப்பாடுவரை பேசினார். அதன்பிறகு நான் சிரிக்கவில்லை.

பாற்கடல் கடைந்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும்.

"கடைஞ்சதும் அமுதம் வரணும்னு உக்காந்திருக்கீக. முதல்ல வாரது விஷம்தான். வந்ததும் எந்திரிச்சு ஓடக்கூடாது. சிவன் என்ன செஞ்சாரு? முழுங்கவுமில்ல, துப்பவுமில்ல, தொண்டையில நிறுத்துனாரு. அவரா நிறுத்துனாரு? அம்மா ஓடியாந்து கழுத்தப் புடிச்சாக. நீங்க தினம் அடுத்தவுக விஷத்த வாங்குறீக. உங்க கழுத்தப் புடிக்க யாரு இருக்கா? அதுக்குத்தான் இந்தக் கிளாஸு."

இப்படிப்பட்ட வகுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. கதை வகுப்பு பற்றி யாரோ மேலே போட்டுக்கொடுக்க, மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். கோட்டு, டை, கையில் ஆங்கிலப் புத்தகம். காரைக்குடி வெயிலில் கோட்டுப் போடுகிறவரைத்தான் முதலில் எங்கள் பிரிவில் சேர்த்திருக்க வேண்டும்.

"புத்தகத்தில் இருப்பதை நடத்துங்கள் மேடம். கதை சொன்னால் வகுப்பை ரத்து செய்வேன்" என்றார்.

"புத்தகத்த இவுக வீட்டுலயே படிச்சுக்குவாக. ஒரு கதை கேளுங்க, அப்புறம் ரத்து செய்ங்க" என்று டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒரு ஊர்ல ஒரு ராசா. அவருக்குக் கழுதைக்காது. அது முடிவெட்டுறவருக்கு மட்டும்தான் தெரியும். வெளிய சொன்னா தலை போயிரும். சொல்லாம வச்சிருந்து வச்சிருந்து அவருக்கு வயிறு ஊதிப்போச்சு."

நிறுத்தினார். உம் கொட்ட வேண்டியவர் அதிகாரி. அவர் கொட்டவில்லை. நாங்கள் வாயெடுத்தோம், கையைக் காட்டி அடக்கிவிட்டார். டீ வந்து ஆறியது. அதிகாரி கோட்டைக் கழற்றினார், பிறகு டையை. கடைசியில் தாங்காமல், "அப்புறம்?" என்றார்.

"அப்புறமெல்லாம் கணக்குல வராது. உம்தான்."

"நான் கவர்மென்ட் ஆபீசர் மேடம்!"

"நான் கதை சொல்றவ."

அவர் எழுந்துபோய் ரயிலேறினார். வகுப்பு ரத்து, சான்றிதழ் கிடையாது, ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குள் நடத்தக்கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த ராஜாவுக்கு என்ன ஆனது என்று தெரியாமலேயே அந்த மனிதர் ரிட்டயராகியிருப்பார். நன்றாக வேண்டும்.

உத்தரவைப் படித்த டாக்டரம்மா, "கட்டடத்துக்குள்ளதான கூடாது? சனிக்கிழமை எல்லாரும் புதுவயல் வந்துருங்க" என்றார்.

புதுவயலில் அவர் தம்பிக்கு அரிசி மில் இருந்தது. டவுன் பஸ் பிடித்துப் போனோம். சான்றிதழ் இல்லாவிட்டாலும் ஒருவர்கூட வராமல் நின்றுவிடவில்லை. உமி பறக்கும் கொட்டகையில் சாக்குகள் மேல் உட்கார்ந்தோம். மிஷின் போடும் சத்தத்தில் டாக்டரம்மா கதையைக் கத்த வேண்டியிருந்தது. எங்கள் உம் யாருக்கும் கேட்கவில்லை.

"கேக்கலைல்ல? நல்லது! கண்ணால கொட்டுங்க. பேசாத ஆளுக உங்கட்ட வாரப்ப அதுதான் உதவும்."

தம்பிக்காரருக்கு இது பிடிக்கவேயில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் பாதி வழியில் மூட்டையோடு நின்று கதை கேட்டால் எந்த முதலாளிக்குப் பிடிக்கும்? "ஏக்கா, பிள்ளையார்பட்டிக் கோயிலுக்குப் போயி கூட்டத்துல சொல்லு, புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுப் பார்த்தார். டாக்டரம்மா அசையவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடின.

ஒரு வாரம், என்னிடம் வந்துகொண்டிருந்த ஆசாரி ஒருவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். தேறி வருகிறார் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த மனிதர். நான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வரத்தான் அந்தச் சனிக்கிழமை புதுவயலுக்குப் போனேன்.

டாக்டரம்மா என்னைத் தன் இடத்தில் உட்காரவைத்தார்.

"கதையாச் சொல்லுங்க தம்பி."

"ஒரு ஊர்ல ஒரு ஆசாரி இருந்தாரு" என்றேன். அதற்கு மேல் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மிஷின் விழுங்கிவிட்டது.

டாக்டரம்மா எழுந்து மிஷின் ஓட்டுகிறவரிடம் போய்க் கையை அசைத்தார். பெல்ட் தொங்கி, சக்கரம் சுற்றி ஓய்ந்து, மில் நின்றது. முதலாளி அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏக்கா! அங்குட்டுப் பாரு, லாரி வரிசையா நிக்கிது!"

"நிக்கட்டும்டா. என் ஆளு பேசுறாரு."

நான் சொன்னேன். அழுகையும் பேச்சுமாகத்தான் வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த எல்லோரும் உம் கொட்டினார்கள். யாருடைய உம்மையும் டாக்டரம்மா அன்று திருத்தவில்லை. நான் முடிக்கும்வரை மில் ஓடவில்லை. திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போனேன், அதன்பிறகும் பல வருஷம் போனேன்.

கிறுக்கச்சி என்று அவரைச் சொன்னவர்கள் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும். எனக்காக ஒரு மில்லை நிறுத்திய மனுஷி என் ஆயுசுக்கும் அவர் ஒருவர்தான்.